பாறை மேல் எட்டு மணி நேரம்

தண்ணீர் ஏறுகிறது என்பதை இருவருமே பார்த்துவிட்டார்கள். வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை.

சின்னவள் அதைக் கண்டுபிடித்தது ஒரு கல்லிடுக்கை வைத்து. வரும்போது அதில் ஒரு நண்டு ஈர மணலில் குழி பறித்துக்கொண்டிருந்தது. பின்னால் விட்டுவந்த ஒரு சங்கை எடுத்துக்கொள்ளலாமென்று நாலடி திரும்பி வந்து பார்த்தால் நண்டும் இல்லை, குழியும் இல்லை, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. சரி, கரைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நிமிர்ந்தாள். பத்தடி முன்னால் அண்ணி கல்லுக்குக் கல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் செருப்பும் நனைந்தது. நனைந்ததை அவள் குனிந்து பார்த்ததையும் சின்னவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, உடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலும் முன்னால்தான் போனாள். "திரும்பலாம்" என்று யார் முதலில் சொல்வது? மூன்று வருடமாக ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேரில், ஒரு நண்டுக்குழிக்காகவா தோற்பது? சின்னவளும் சங்கைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே குளியலறை. ஆனாலும் பேச்சு இல்லை. அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். சின்னவளுக்குக் கடைத்தெருவில் ஒரு தையல் கடை. நடுவில் அண்ணன் இருந்தார், டெலிபோன் கம்பி மாதிரி. "பால் வாங்கணுமான்னு அவளைக் கேளுங்க" என்று அண்ணி சொல்வாள். மூன்றடி தூரத்தில் சின்னவள் நின்றுகொண்டிருப்பாள். "வாங்கணும்னு சொல்லு" என்பாள் இவள். அண்ணன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, "காதுல விழுந்துச்சில்ல, ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தானே பால் வாங்கப் போய்விடுவார். அவர் இல்லாத நேரத்தில் இருவரும் ஃபிரிட்ஜோடும் அலமாரியோடும் பேசினார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் எப்படியோ போய்ச் சேர்ந்தது.

அண்ணனுக்குக் குளிர்பதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன் கிடங்கில் அவசர வேலை வந்தது. இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, காலை ஆறரை மணிக்குக் கிடங்குக்கு முன்னாலிருக்கும் இந்தக் கரையில் இறக்கிவிட்டார். "ரெண்டு பேரும் காத்து வாங்குங்க. பத்து மணிக்கு வந்துடறேன்." ஒரு பொட்டலம் ரொட்டி, நாலு அவித்த முட்டை, ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். ஒன்றுதான் வைத்தார் என்பது மறதியா, வேண்டுமென்றே செய்த வேலையா என்று இன்றுவரை தெரியாது.

இப்படி ஒரு கரையைச் சின்னவள் பார்த்ததே இல்லை. கரையென்றால் மணல், மணலென்றால் நடக்கலாம் என்று நினைத்திருந்தாள். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் உருண்டைக் கற்கள். தர்பூசணி அளவில் சில, தையல் மெஷின் அளவில் சில, வேன் அளவில் சில. எல்லாமே உருண்டை. உளியால் யாரும் தொட்டதில்லை. தண்ணீரே எத்தனை ஆயிரம் வருடமோ உருட்டி உருட்டித் தேய்த்து வைத்திருக்கிறது. கடல் உள்வாங்கியிருந்ததால் அவை தண்ணீருக்குள்ளிருந்து வரிசையாக எழுந்து, பச்சைப் பாசியைத் தலைமுடி போலச் சொட்டவிட்டுக்கொண்டு, வெகுதூரம் போயின. கடைசியில் தனியாக ஒன்று, மாடி வீடு உயரம். அதன் முதுகு ஒரு பக்கம் சரிவாக இருந்தது. அண்ணி அதை நோக்கித்தான் போனாள். ஏறினாள். சின்னவளும் ஏறினாள். உச்சியில் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தபோது வந்த வழியைக் காணவில்லை. கரைக்கும் இவர்களுக்கும் நடுவில் பளபளவென்று கடல் இருந்தது.

"கண்ணு இருக்கறவங்க பின்னாலேர்ந்து ஒரு குரல் குடுத்திருக்கலாம்" என்று அண்ணி பாறையிடம் சொன்னாள்.

"முன்னாடி போறவங்கதான் வழி பாத்துப் போகணும்" என்று சின்னவள் கடலிடம் சொன்னாள்.

அண்ணிக்குச் சட்டென்று கோபம் வரும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மளமளவென்று சரிவில் இறங்கினாள். முழங்கால் அளவுதான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். கால் வைத்ததும் இடுப்பு வரை போனது. அடுத்த அலை வெளியிலிருந்து வரவில்லை, கற்களுக்கு நடுவிலிருந்து வந்தது. பக்கவாட்டில் அடித்து அவள் காலை வாரிவிட்டது. செருப்பு இரண்டும் போயின. சின்னவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு கை பாறை வெடிப்பில் இருந்தது, இன்னொரு கையில் அண்ணியின் மணிக்கட்டு இருந்தது. இழுத்தாள். துணிமூட்டை தூக்கிப் பழகிய கைதான். அண்ணி பாறையில் கவிழ்ந்து தேய்ந்து மேலே வந்தாள். பாறையோடு ஒட்டியிருந்த கூரான சிப்பிகள் அவள் முழங்காலைச் சீவியிருந்தன. சின்னவள் பையிலிருந்த வெட்டுத்துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். அண்ணி காலை நீட்டிக் காட்டினாள். அப்போதும் இருவரும் பேசவில்லை.

மணி ஒன்பது. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. நீச்சல் இருவருக்கும் தெரியாது.

சின்னவள் ஏறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இந்தப் பாறையையும் மூடிவிட்டால்? கேட்கவும் ஆளில்லை. அப்போதுதான் அண்ணி ஒரு காரியம் செய்தாள். தவழ்ந்தபடி பாறையின் விளிம்புக்குப் போய்க் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டு, பாறையின் பக்கவாட்டை நெடுநேரம் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். நிழலில் எது எலும்பு, எது வெடிப்பு என்று தேடும் முகம்.

"இது வரைக்கும் சிப்பி" என்றாள் பாறையிடம். "அதுக்கு மேல கறுப்புப் பாசி. அதுக்கும் மேல மஞ்சளா ஒண்ணு படர்ந்திருக்கு, காய்ஞ்சுபோய். தண்ணி தினம் இங்க வந்துச்சுன்னா இந்த மஞ்சள் இருக்காது. மஞ்சள் மேல உக்காந்தா பயமில்ல."

அவர்கள் உட்கார்ந்திருந்தது மஞ்சள் மேல்தான். சின்னவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் கண்ணால் பார்த்தால் போதாது, அளந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, அதன் நுனியில் சங்கைக் கட்டி, மஞ்சள் தொடங்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை தொங்கவிட்டாள். "அம்பத்தொம்பது" என்று டேப்பிடம் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி விட்டாள். "அம்பத்தஞ்சு." அண்ணி கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்றுக்கு வந்தபோதுதான் அது நடந்தது.

பாறையின் ஓரத்தில் அண்டா அளவுக்கு ஒரு பள்ளம். அதில் பழைய தண்ணீர் தேங்கியிருந்தது. சின்னவள் டேப்பைச் சுற்றியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் பூ மாதிரி விரிந்த ஏதோ சில, விரல் நிழல் பட்டதும் சுருங்கின. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல். கல் மூச்சு விட்டது. சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கல்லுக்கு ஒரு கண் இருந்தது, நீளவாட்டில் கோடு போட்ட கண். அந்தக் கண் அவளைப் பார்த்தது. பிறகு கல்லிலிருந்து ஒரு கை முளைத்துப் பள்ளத்தின் விளிம்பைத் தடவியது. இன்னொரு கை. எட்டுக் கையும் வந்தபின் அது தண்ணீரை விட்டே வெளியில் வந்துவிட்டது! ஈரத்துணியைப் பிழியாமல் போட்டதுபோல் பாறை மேல் சரிந்து, மஞ்சள் வந்த இடத்தில் மஞ்சளாகி, கறுப்பு வந்த இடத்தில் கறுப்பாகி, சின்னவளின் பெருவிரலை ஒரு கையால் மெதுவாகத் தொட்டு, இது என்ன என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டு நகர்ந்தது.

"அண்ணி! அண்ணி, இங்க பாருங்க!"

அண்ணி பாய்ந்து வந்தாள். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். ஆக்டோபஸ் அவசரப்படவில்லை. விளிம்பு வரை போய், ஒரு கணம் நின்று, ஒரு கையை மட்டும் கடலில் விட்டுப் பார்த்து, அப்படியே ஊற்றிக்கொண்டதுபோல் இறங்கிப் போனது.

"உன்னைத் தொட்டுச்சா?" என்றாள் அண்ணி.

"தொட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுன்னு. முத்தம் குடுத்த மாதிரி. சின்னச் சின்னதா."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஒருவரையொருவர் பார்க்காமல் விலகி உட்கார்ந்தார்கள். சின்னவளுக்குக் காது சுட்டது. மூன்று வருடம் கட்டிக் காத்ததை எட்டுக் கால் பிராணி ஒன்று வந்து அவிழ்த்துவிட்டுப் போய்விட்டதே என்று கோபம்கூட வந்தது. ஆனால் பெருவிரலில் அந்தச் சில்லிப்பு இன்னும் இருந்தது. அதைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை பேச வேண்டும் போலவும் இருந்தது.

பத்தரைக்கு அண்ணன் வந்தார். கரையில் பொம்மை அளவுக்குத் தெரிந்தார். முதலில் இடுப்பில் கை வைத்து நாலு பக்கமும் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார், பிறகு குதித்தார். கத்தியது எதுவும் கேட்கவில்லை. மீன் கிடங்குக்கு ஓடி ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் கடலையும் கற்களையும் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்தக் கற்களுக்குள் படகு வராது என்று அவர் கை சொன்னது. பிறகு இரண்டு உள்ளங்கையையும் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார். உட்காருங்கள், உட்கார்ந்தே இருங்கள். அண்ணன் தலையில் கை வைத்தபடி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப மட்டும் அவர் நடுவுல வர முடியாது பாரு" என்றாள் அண்ணி. சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

நண்பகல் நெருங்க நெருங்கக் கடல் வேறு குரலில் பேசியது. கரையில் தெரிந்த கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. கடைசியில் இந்தப் பாறையும் தள்ளித் தள்ளி மூன்று பாறைத் தலைகளும்தான் மிச்சம். அலை அடிக்கும்போது சத்தம் மேலேயிருந்து வரவில்லை, அடியிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் அத்தனை உருண்டைக் கற்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உருண்டன. இடி பூமிக்குள் இடித்தால் அப்படித்தான் இருக்கும். பாறை அதிர்ந்து, அந்த அதிர்வு முதுகுத்தண்டில் ஏறிப் பல்லில் வந்து நின்றது. அலை பின்வாங்கும்போது கூழாங்கற்கள் கோடிக்கணக்கில் சரிந்து, கைதட்டல் போல ஒரு சத்தம் நெடுநேரம் கேட்டு ஓய்ந்தது. மறுபடி இடி. இந்தக் கற்களெல்லாம் எப்படி உருண்டையாயின என்று காலையில் யோசித்தாளே, அது இப்போது அவளுக்கு அடியிலேயே நடந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்காமல், நாளுக்கு இரண்டு முறை, மனுஷர் என்று ஒரு ஜாதி பிறப்பதற்கு முன்னாலிருந்து. சின்னவள் இரண்டு கையாலும் பாறையைக் கட்டிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பயமா என்று கேட்டால், பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை.

"மூச்சை இழு" என்றது அண்ணியின் குரல், காதுக்குப் பக்கத்தில். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கச் சொல்லும் அதே குரல். "பிடி. அப்படியே பிடி... இப்ப விடு."

ஒவ்வொரு அலைக்கும் இழுத்தாள், பிடித்தாள், விட்டாள். அண்ணியின் கை அவள் முதுகில் இருந்தது. டேப்பைத் தொங்கவிட்டபோது பன்னிரண்டு அங்குலம். அப்புறம் பதினொன்று. ஒரு மணிக்கும் பதினொன்று. அங்கேயே நின்றது.

ரொட்டியைப் பிய்த்துப் பங்கு போட்டார்கள். தண்ணீர் பாட்டில் இருவர் கையிலும் மாறி மாறிப் போய் வந்தது. அண்ணி முட்டை உரித்துக்கொண்டே, ஓட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அன்னிக்கு நீ கேட்டியே. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு."

சின்னவளுக்கு எந்த 'அன்னிக்கு' என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தரும் ஒருவர், மனைவி இல்லாதவர், மகளின் சீருடையைத் திருத்தக் கடைக்கு வந்துபோனவர். வரும்போதெல்லாம் தேவைக்கு மேல் இரண்டு நிமிடம் நிற்பார். அவருடைய அக்கா இவர்கள் வீட்டுக்குப் போன் செய்து கல்யாணப் பேச்செடுத்திருக்கிறாள். அண்ணிதான் போனை எடுத்திருக்கிறாள். "அவளுக்குக் கல்யாணத்துல எல்லாம் இஷ்டமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாலு மாதம் கழித்து அவரே கல்யாணச் சட்டையோடு கடைக்கு வந்து நின்றபோதுதான் சின்னவளுக்குத் தெரிந்தது. அந்தக் காலரைப் பிரித்து இவள்தான் சரிபண்ணிக் கொடுத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் சமையலறையில் நின்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிக்கொண்டே இருந்தாள். அதுதான் கடைசிப் பேச்சு.

"கேட்டேன்" என்றாள் சின்னவள்.

"நீ போயிட்டா அந்த வீட்டுல நான் யார்கூடப் பேசறது?"

ஓர் அலை வந்து போனது. கைதட்டல் சத்தம் முழுசாக ஓய்ந்தது.

"மூணு வருஷமா பேசலியே, அண்ணி."

"ஆமா" என்றாள் அண்ணி. முட்டையை நீட்டினாள். "பேசல."

எத்தனையோ முறை இந்தப் பேச்சை மெஷின் முன்னால் உட்கார்ந்து சின்னவள் தனக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அதில் அவள் கேட்கும் கேள்விகளெல்லாம் ஊசி மாதிரி இருக்கும். இப்போது ஒன்றும் கைக்கு வரவில்லை. இவ்வளவு பெரிய தப்புக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், ஷிப்ட் முடிந்து வந்து தினமும் யாரோடு பேசலாமென்று அண்ணி நினைத்திருந்தாளோ அந்த ஆள் தான்தானா என்று ஆச்சரியமாகவும் இருந்தது. மன்னித்தேன் என்றும் தோன்றவில்லை, மாட்டேன் என்றும் தோன்றவில்லை. முட்டையைத் தின்றாள்.

"அடுத்த மாசம் தனியாப் போறேன். கடைக்கு மேலயே ஒரு ரூம் பாத்திருக்கேன். அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல."

 அண்ணி முட்டை ஓடுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தாள்.

"ஜன்னல் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. மேற்குப் பக்கம்."

"சாயங்காலம் வெயில் அடிக்கும்" என்றாள் அண்ணி. பிறகு அவள் குரல் மாறியது. "அசையாத. அப்படியே இரு."

பாறையின் கடல் பக்கத்தில், இவர்களுக்கு நாலடி கீழே, படி மாதிரி ஒரு மேடை இருந்தது. அதன் விளிம்பில் ஒரு தலை எழுந்தது. மொட்டைத் தலை, மீசை, கறுத்துப் பளபளத்த இரண்டு பெரிய கண்கள். டிவியில் காட்டும் கடல்நாய்தான். ஆனால் டிவியில் அதன் மூச்சு கேட்காது. இது புஸ்ஸென்று விட்ட மூச்சில் மீன் வாடை முகத்தில் அடித்தது. அலை தூக்கிக் கொடுக்க, அந்தப் பெரிய உடம்பு தண்ணீர் வழிய வழிய மேடையில் ஏறிப் படுத்தது. நிமிர்ந்து இவர்களைப் பார்த்தது. அடுத்த அலையில் அதன் குட்டி வந்தது. முதல் தடவை ஏற முடியவில்லை, வழுக்கிப் போனது. இரண்டாம் தடவையும் போனது. சின்னவள் தன் கை தானாக நீண்டிருப்பதைப் பார்த்து மடக்கிக்கொண்டாள். தாய் உதவப் போகவில்லை. விளிம்பில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் மட்டும் கொடுத்தது, கதவு கிறீச்சிடுவதுபோல. மூன்றாவது அலை பெரிய அலை. குட்டியை அள்ளி வந்து தாயின் வயிற்றின் மேலேயே வீசிவிட்டுப் போனது. குட்டி உடம்பை உதறிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பால் குடிக்கத் தொடங்கியது.

சப்பும் சத்தம் கேட்டது. அடியில் கற்கள் உருளும் சத்தமும் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடு என்று யாரும் சொல்லவில்லை. தாயின் கண்ணுக்குள் சின்னவளுக்கு வானம் தெரிந்தது, பாறை தெரிந்தது, பாறை உச்சியில் ஒட்டியிருக்கும் இரண்டு சிறு உருவங்கள் தெரிந்தன. அந்தக் கண் இவர்களை எதிலும் சேர்க்கவில்லை. பயத்திலும் இல்லை, பகையிலும் இல்லை. பாறையில் இருக்கும் மற்றதுகளைப்போல இதுகளும் என்று பார்த்தது. சின்னவளுக்கு வாழ்நாளில் இவ்வளவு நிம்மதியாக யாரும் தன்னைப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிழல் சாய்ந்து மறுபக்கம் வந்திருந்தது. குட்டி தூங்கி விழித்து, தாயும் குட்டியும் வழுக்கி இறங்கிப் போனபின்தான் அண்ணி வாயைத் திறந்தாள். "என் முழங்கால் எப்ப வலிக்க ஆரம்பிச்சுது? இவ்வளவு நேரமும் வலிக்கவே இல்லியே."

நாலு மணிக்குமேல் இடி ஓய்ந்தது. தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தாலும் கரைக்கும் பாறைக்கும் நடுவில் இன்னும் கடல்தான். வெயில் தாழ்ந்து அதன் மேல் தகடு தகடாகக் கிடந்தது. கற்கள் எங்கே என்று தெரியவில்லை. வந்த வழி எது என்றும் தெரியவில்லை. அண்ணன் கரையில் எழுந்து நின்றிருந்தார்.

அப்போது ஒரு பறவை வந்தது. வெள்ளை வயிறு, நீண்ட சிவந்த அலகு. தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து வந்து, சிறகை மடக்கி, தண்ணீரின் மேலேயே நின்றது. மிதக்கவில்லை. இரண்டு காலால் நின்றது.

"அது எப்படி..." என்று தொடங்கினாள் சின்னவள்.

இன்னொன்று வந்து பத்தடி தள்ளி நின்றது. பிறகு ஐந்தாறு. பிறகு எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக. தண்ணீருக்கு அடியில் ஓர் அங்குலத்தில் எந்தக் கல் எங்கே காத்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தெரிந்திருந்தது. இடம் தேடவில்லை, தடுமாறவில்லை. கல்லுக்கு ஒன்றாக இறங்கின. கல் தெரியவில்லை, பறவை மட்டும் தெரிந்தது. அவற்றின் கால்களைச் சுற்றி மெல்லிய வளையங்கள் விரிந்து ஒன்றோடொன்று கலந்தன. பாறையின் அடியிலிருந்து கரை வரைக்கும், காலையில் இவர்கள் வந்த வழியெல்லாம் வளைந்து வளைந்து, கடல் முழுக்கப் பறவைகள் தண்ணீரின் மேல் அசையாமல் நின்றுகொண்டிருந்தன, எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி, காற்றை எதிர்கொண்டு.